நெருப்பு வந்தபின் கொடுக்கிற காசும் வராமலிருக்கக் கொடுக்கிற காசும்

(எமது சங்கத்தின் தொழிலாளர் கல்வி வகுப்பில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை சற்றுச் சுருக்கித் தரப்படுகிறது.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க உங்களுக்குக் கிடைக்கிற ஒரே நாள். அதையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசி மாதம் எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கிற காட்டில் நெருப்புப் பிடித்தது. நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் இருந்த பிள்ளைதான் முதலில் பார்த்தது. "டீச்சர், மலை மேல பொகையுது!" என்றது. பத்து நிமிஷத்தில் வகுப்பறைக்குள் சாம்பல் விழ ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கீழே கோயில் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். அறுபது பேருக்கும் குறையாது. கூடையை இறக்கிவைத்துவிட்டு, கருப்பந்தைலக் கொப்பை ஒடித்துக்கொண்டு மானாப் புல்லுக்குள் இறங்கி அடித்தார்கள். காலில் செருப்புகூட இல்லாத பெண்களும் அதில் இருந்தார்கள். பொழுது சாயும்போது நெருப்பு அடங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, தெய்வ புண்ணியம். ஆனால் ஊற்றிலிருந்து லயத்துக்கு வருகிற கறுப்புக் குழாய் முழுவதும் உருகிப் போயிருந்தது. ஒன்பது நாள் பீலியில் தண்ணீர் இல்லை. ஆற்றுக்கு இறங்கித் தலையில் சுமந்தோம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த ஒன்பது நாளும் வரவில்லை. தண்ணீர் தூக்கப் போய்விட்டார்கள்.

சம்பள நாளில் பார்த்தால், நெருப்பணைத்த நாளுக்கு செக்ரோலில் அரைப் பேர்தான் போட்டிருந்தது. "கொழுந்து நிறை இல்லையே" என்பது பதில்.

அன்று ராத்திரி ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "அந்தக் காலத்துல மார்கழி பொறந்தா முதல் வேலை மேல பயர் பெல்ட் வெட்டுறதுதான் டீச்சர். எட்டு ஆள், மூணு நாள். காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவுல புல்லு, சருகு எல்லாம் செதுக்கி மண்ணு தெரிய விடுவோம். நெருப்பு வந்தாலும் அந்த இடத்துல வந்து நின்னுடும். இப்ப அந்த வேலைக்குக் காசு இல்லைன்னுட்டாங்க."

எட்டு ஆள், மூன்று நாள் என்றால் 24 பேர். இதை நான் மறுநாள் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். நெருப்பணைக்கப் போன அறுபது ஆட்களுக்கு அரைப் பேர் வீதம் தோட்டம் கொடுத்தது 30 பேர். மிச்சம் பிடித்தது 24, செலவழித்தது 30. அதோடு முடியவில்லை. மற்ற அரைப் பேரை இழந்தது யார்? நாம். அது இன்னுமொரு 30 பேர். குழாய், கருகிப்போன தேயிலைக் கன்று, ஒன்பது நாள் தண்ணீர்ச் சுமை, பிள்ளைகளின் படிப்பு, இவற்றை எந்த செக்ரோலிலும் எழுதவே இல்லை.

தோட்டத்தின் கதை இப்படி. காடு அரசாங்கத்தினுடையது அல்லவா? அதனால் நானும் தலைவரும் காட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனோம். சண்டை பிடிக்கிற நினைப்போடுதான் போனோம். அங்கே ஒரு உத்தியோகத்தர் இருந்தார். சிங்களத் தோழர், நல்ல மனிதர். அவருக்குப் பொறுப்பான காட்டை வரைபடத்தில் காட்டினார். மூன்று மலை. அதற்கு ஒரு மோட்டார் சைக்கிள், அளந்து கொடுக்கிற பெற்றோல், கையில் இரண்டு ஆள். "நெருப்பு வந்தா வரச் சொல்லுவாங்க, வருவேன். நெருப்பு வராம இருக்கச் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் காசு கேட்டா இல்லைங்கிறாங்க" என்றார். தலைவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், "அவரும் நம்ம மாதிரிதான் டீச்சர்" என்றார்.

அந்த உத்தியோகத்தரின் நிலைமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நம் நாட்டில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டி விற்பதை 1990இல் நிறுத்தினார்கள். அது சரியான முடிவு. 1873இலேயே ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர், 5000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தோட்டத்துக்காக வெட்டக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். மேலே காடு இருந்தால்தான் கீழே ஆற்றில் தண்ணீர். ஆனால் காடு மரமாக விற்காமல் நிற்க வேண்டும் என்றால், அதைப் பார்த்துக்கொள்கிற சம்பளம் திறைசேரியிலிருந்துதான் வர வேண்டும். 2022இல் நாடு வங்குரோத்தானபோது எல்லா அரச செலவிலும் கை வைத்தார்கள். அந்த ஆண்டு டிசெம்பர் கடைசியோடு, 60 வயது தாண்டிய அரச ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர்களோடு அனுபவமும் போனது.

"நம் நாடு ஏழை நாடு, அதனால்தான் இப்படி" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தபோது, உலகத்தின் பெரிய பணக்கார நாட்டிலும் இதே கதை நடந்திருப்பது தெரிந்தது. நம் எட்டு ஆள், மூன்று நாள் கணக்கை அங்கே கோடிக்கணக்கான டொலரில் போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மத்திய அரசின் வன சேவை 1905இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் கையில் 19 கோடி ஏக்கருக்கு மேல் காடும் புல்வெளியும் இருக்கிறது. நம் இலங்கையைப் போல ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. ஆரம்பித்து ஐந்து வருஷத்தில், 1910 ஓகஸ்டில், ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் பெரும் காற்றோடு நெருப்புப் பிடித்தது. இரண்டு நாளில் சுமார் 30 இலட்சம் ஏக்கர் எரிந்தது. 80க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பெரும்பாலானோர் நெருப்பணைக்கக் கூலிக்கு எடுக்கப்பட்ட தொழிலாளிகள்.

அந்தப் பயத்தில் எந்த நெருப்பையும் விடக்கூடாது என்ற கொள்கை வந்தது. 1935இல் அதைச் சட்டம் மாதிரியே ஆக்கினார்கள். ஒரு நெருப்பைக் கண்டால் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காடுகள் பலவற்றில் இடைக்கிடை சிறிய நெருப்பு வந்து சருகையும் சிறு செடியையும் எரித்துவிட்டுப் போவது பழங்காலம் தொட்டு வழக்கம். பழங்குடி மக்களே காலம் பார்த்து, காற்றுப் பார்த்து அப்படி எரித்து வந்தார்கள். அதையும் நிறுத்திவிட்டதால், வருஷக்கணக்கில் காய்ந்த விறகு காட்டுக்குள்ளேயே குவிந்தது. கோடையும் நீண்டுகொண்டே போனது. பிறகு பிடித்த நெருப்பை எந்தக் கொப்பாலும் அடிக்க முடியவில்லை.

இனித்தான் நமக்கு வேண்டிய கணக்கு வருகிறது. 1995இல் அந்த வன சேவைக்குக் கிடைத்த ஒவ்வொரு 100 டொலரிலும் நெருப்புக்குப் போனது 16 டொலர். 2015இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. அந்த வன சேவையே வெளியிட்ட கணக்கு இது. 1998இல் நெருப்பு அல்லாத வேலைக்கு, அதாவது நாற்று நட, மரம் ஐதாக்க, பாதை திருத்த, ஆற்றங்கரை பார்க்க, சுமார் 18,000 ஊழியர் இருந்தார்கள். 2015இல் 11,000க்கும் குறைவு. அதே காலத்தில் நெருப்பு வேலைக்கு இருந்தவர்கள் சுமார் 5,700 இலிருந்து 12,000க்கு மேல் போனார்கள்.

மொத்தக் காசு அந்த அளவுக்குக் கூடவில்லை. ஒரே சட்டி, அதிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் அள்ள வேண்டும். முந்திய பத்து வருஷச் செலவின் சராசரியைப் பார்த்து நெருப்புக்கு ஒதுக்குவார்கள். அந்த வருஷம் நெருப்பு கூடினால் ஒதுக்கிய காசு பாதியிலேயே முடிந்துவிடும். அப்போது என்ன செய்வது? மற்ற வேலைகளுக்கு வைத்த காசை எடுப்பார்கள். அதை அங்கே நெருப்புக்கான கடன் என்றே பேச்சுவழக்கில் சொன்னார்கள். யாரிடமிருந்து கடன்? நெருப்பைத் தடுக்கிற வேலையிடமிருந்து! சருகு அள்ளுகிற காசு, நெருக்கமான மரத்தை ஐதாக்குகிற காசு, காலம் பார்த்துக் கட்டுப்பாட்டோடு எரிக்கிற காசு, இவற்றை எடுத்து இந்த வருஷ நெருப்பை அணைத்தார்கள். அந்த வேலை நடக்காததால் அடுத்த வருஷ நெருப்பு இன்னும் பெரிதாக வந்தது. அதற்கு மறுபடியும் அதே இடத்திலிருந்து காசு எடுத்தார்கள். விதைநெல்லைச் சாப்பிட்டவனின் கதைதான்.

இதில் யாரைத் திட்டுவது? நெருப்பு எரியும்போது "காசு இல்லை, எரியட்டும்" என்று ஒரு அதிகாரி சொல்ல முடியுமா? முடியாது. மேலிடத்தில் உட்கார்ந்தால் நீங்களும் நானும்கூட அதையேதான் செய்வோம். பிழை அந்த ஆளிடம் இல்லை, கணக்குப் புத்தகத்தின் அமைப்பில் இருந்தது. அவசரமும் அவசியமும் ஒரே சட்டியில் இருந்தால், எப்போதும் அவசரம்தான் ஜெயிக்கும். எரிகிற நெருப்பு சத்தம் போடும், தொலைக்காட்சியில் வரும், அமைச்சர் வந்து பார்ப்பார். வெட்டாமல் விட்ட பயர் பெல்ட் சத்தம் போடாது. ஒழுங்காக வெட்டிய பெல்ட்டும் சத்தம் போடாது. அதனால்தான் காசு குறைக்க வருகிற எல்லாரும் முதலில் அதன் மேல் கை வைக்கிறார்கள்.

2017இல் அந்த வன சேவை நெருப்பணைக்கச் செலவழித்தது 240 கோடி டொலருக்கு மேல். அதற்குப் பிறகுதான் பாராளுமன்றம் கண் விழித்தது. 2018இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மத்திய அரசின் காட்டு நெருப்பணைப்புக்கு 2020 முதல் தனி இருப்பு நிதி, முதல் வருஷம் 225 கோடி டொலர். நெருப்பு கூடினால் அதிலிருந்து எடுக்கலாம், தடுப்பு வேலையின் காசில் கை வைக்கத் தேவையில்லை. சட்டியை இரண்டாக்கினார்கள். இதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது.

இதே கதையில் தொழிலாளி எங்கே இருந்தான் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும்.

நெருப்புக்குள் போகிற அந்த ஆட்களில் பெரும்பாலானோரின் பதவிப் பெயர் நீண்ட காலம் என்னவாக இருந்தது தெரியுமா? தீயணைப்பாளர் இல்லை. "வனத் தொழில்நுட்பவியலாளர்." வேலை நெருப்போடு, பெயர் வேறு. பெயர் வேறு என்பதால் சம்பளமும் வேறு. 2021 வரை தொடக்கநிலையில் இருந்தவருக்கு மணிக்கு 13 டொலர் அளவுதான். அந்த நாட்டு விலைவாசியில் அது மிகச் சிறிய கூலி. பலர் பருவகாலத் தொழிலாளிகள், ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வீடு. இது நமக்குப் புதிதா? தற்காலிகம், அவுட்சோர்சிங் என்று பெயரை மாற்றி வைத்தால் சேமலாப நிதியும் மாறிப் போகும் என்பது நமக்குத் தெரியாததா?

அவர்களுடைய தொழிற்சங்கமும், சேவையில் இருந்து வெளியே வந்த தீயணைப்பாளர்களும் வருஷக்கணக்கில் பேசினார்கள், எழுதினார்கள், பாராளுமன்றக் குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னார்கள். 2021இல் ஆகக்குறைந்த கூலி 15 டொலர் ஆனது. அதே வருஷம் வந்த ஒரு சட்டம் தற்காலிகச் சம்பள உயர்வு கொடுத்தது. காட்டுத் தீயணைப்பாளர் என்ற தனிப் பதவிப் பெயரை உண்டாக்கவும் சொன்னது. அந்தத் தற்காலிக உயர்வு முடிந்துவிடுமோ என்ற பயத்திலேயே அவர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். 2025 மார்ச்சில்தான் சம்பள உயர்வு நிரந்தரமாக்கப்பட்டது.

இதோடு கதை சுபம் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் முடியவில்லை. 2024 செப்டெம்பரில் அந்த வன சேவை, காசு பற்றாக்குறை என்று சொல்லி, தீயணைப்பாளர் தவிர மற்றப் பருவகாலத் தொழிலாளிகளை அடுத்த வருஷம் எடுப்பதில்லை என்று அறிவித்தது. சுமார் 2,400 வேலை. 2025 பெப்ரவரியில், நன்னடத்தைக் காலத்தில் இருந்த சுமார் 3,400 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். "தீயணைப்பாளர் ஒருவரையும் நிறுத்தவில்லை" என்றது அரசாங்கம். பெயரளவில் உண்மை. ஆனால் போனவர்களில் பலர் நெருப்பு வேலைக்குப் பயிற்சி பெற்று அட்டை வைத்திருந்தவர்கள். பாதை திருத்துகிறவர், மரம் கணக்கெடுக்கிறவர், நெருப்பு வந்தால் கருவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர். அவர்களுடைய இரண்டாவது வேலை எந்தத் தாளிலும் முதல் வரியில் எழுதப்படவில்லை. நிறுத்தப்பட்டவர்களை 45 நாளைக்கு மறுபடி சேர்க்கும்படி அடுத்த மாதமே ஒரு முறையீட்டுச் சபை உத்தரவிட்டது. சட்டியை இரண்டாக்கிக் காசைக் காப்பாற்றினார்கள், ஆளைக் காப்பாற்றத் தவறினார்கள். காசு மட்டும் போய்ப் புல் செதுக்காது தோழர்களே.

இப்போது நம் மலைக்குத் திரும்பி வருகிறேன்.

இந்த வரட்சிக் காலத்துக்கு முன்பே சங்கம் நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டியவை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். தோட்டக் கமிட்டிகள் பேசிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, காட்டோரம் இருக்கிற ஒவ்வொரு மலைக்கும் பயர் பெல்ட் வெட்டுவது, கவ்வாத்து மாதிரி, கான் வெட்டுவது மாதிரி, வருஷ வேலைத் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதற்கு முழுப் பேர். அந்தக் காசை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. மிச்சம் இருந்தால் செய்வோம் என்ற வேலை ஒருநாளும் நடப்பதில்லை.

இரண்டாவது, நெருப்பணைக்கக் கூப்பிட்டால் அது வேலை, உதவி இல்லை. முழுப் பேர் போட வேண்டும். காலுக்குச் சப்பாத்து, கைக்குக் கருவி, குடிக்கத் தண்ணீர் வேண்டும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கிற தாய்மார்களையும் கூப்பிடக்கூடாது. செக்ரோலில் அந்த நாளை "நெருப்பு வேலை" என்றே எழுத வேண்டும். பெயர் எழுதாத வேலைக்கு விலை இல்லை என்பதை அந்த அமெரிக்கத் தொழிலாளிகள் நமக்குக் காட்டிவிட்டார்கள்.

மூன்றாவது, மார்கழிக்கு முன் ஒரு கூட்டம். தோட்ட நிர்வாகம், காட்டுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், நாம், எல்லாரும் ஒரே மேசையில். எந்த இடத்தில் யார் வெட்டுவது, நெருப்பைக் கண்டால் யாருக்கு முதலில் அழைப்பு என்று எழுதி வைப்போம். அந்த உத்தியோகத்தர் நமக்கு எதிரி இல்லை. இரண்டு ஆளை வைத்துக்கொண்டு மூன்று மலையைப் பார்க்கிறவர். அவருக்கு ஆள் கொடு என்று மேலே கேட்பதும் நம் கோரிக்கையாக இருக்கட்டும். அவர் கேட்டால் ஒரு கடிதம், நாம் கேட்டால் ஆயிரம் கையெழுத்து.

நான்காவது கசப்பானது. கோபிக்காமல் கேளுங்கள். நம் மலையில் நெருப்பு தானாக வருவது அருமை. மாட்டுக்கு இளம்புல் வர வேண்டும் என்று மானாப் புல்லுக்கு நெருப்பு வைக்கிறவர்கள் நமக்குள்ளும் இருக்கிறார்கள். பீடியை அணைக்காமல் எறிகிறவர்கள், விளையாட்டுக்கு வைக்கிற பையன்கள் இருக்கிறார்கள். "பழங்குடி மக்கள் எரித்தார்கள் என்று டீச்சரே சொன்னாரே" என்று வந்துவிடாதீர்கள். அவர்கள் காலமும் காற்றும் பார்த்து, ஊர் கூடி நின்று எரித்தார்கள். இங்கே வைக்கிறவர் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார். எரிவது நம் ஊற்று, நம் குழாய். நிர்வாகத்திடம் விரல் நீட்டுவதற்கு முன் இதை லயத்துக்கு லயம் பேச வேண்டும். பாடசாலையில் நான் பேசுகிறேன், வீட்டில் நீங்கள் பேசுங்கள்.

நெருப்பு அடங்கிய மறுநாள் நான் பிள்ளைகளிடம் அந்த 24க்கும் 30க்கும் உள்ள கணக்கைப் போடச் சொன்னேன். எல்லாரும் 6 என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "எங்க அம்மாவோட காலு சுட்டுப்போச்சு டீச்சர், அதையும் இதுல கூட்டணுமா?" என்றது.

அந்தக் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. மார்கழிக் கூட்டத்தில் நாம் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஆமாம் மகளே, அதையும் கூட்டித்தான் ஆக வேண்டும்.